எங்கள் வீட்டுக்குள் புகுந்த ஆமை

1

போன வாரம் எங்கள் சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டது. சரி செய்ய வந்த பிளம்பர் ஆறரை அடி உயரம், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் பேர்லேண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கையில் பெட்டியோடு உள்ளே வந்தவர் ஹால் அலமாரி முன்னால் நின்றுவிட்டார். அடைப்பை மறந்துவிட்டார். அலமாரியில் இருந்ததைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

ஆமை என்றேன்.

என்னை ஒரு தரம் பார்த்தார், அதை ஒரு தரம் பார்த்தார். இரண்டடி நீளம், பச்சை பெயிண்ட், இரண்டு பக்கமும் சங்கிலிச் சக்கரம், முன்னால் ஒரு பீரங்கி. எந்த நாட்டு ஆமை இப்படி இருக்கும் என்று அவர் முகம் கேட்டது. சொல்கிறேன், முதலில் சிங்க்கைப் பாருங்கள் என்று அனுப்பினேன். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அவருக்குச் சொல்லாத ஒன்றும் இதில் உண்டு. நம் ஊர்ப் பழமொழி அது. அதைச் சொன்னால் அவருக்கு விளக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனா என்றால் கோர்ட்டுக் காகிதத்தோடு வாசலில் வந்து நிற்கிற ஆள். எங்கள் வீட்டில் இரண்டும் புகுந்தன. தொண்ணூற்றொன்பதில், ஒரே மாதத்தில்.

2

நான் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த ஆள் டெக்சாஸில் என்ன செய்கிறான் என்று உங்களுக்குக் குழப்பம் வரும். என் மனைவி தனம் நர்ஸ். ஹூஸ்டனில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து அவள் வந்தது தொண்ணூறில். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும், நாலு வயது மகள் நித்யாவும் வந்தோம். வந்த விசாவில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கோயம்புத்தூரில் பதினாலு வருஷம் லேத் ஓட்டிய கை, இங்கே இரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த இரண்டு வருஷத்தில்தான் ஆங்கிலம் கற்றேன். புத்தகத்தில் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களிடம். அவர்கள் பேச்சில் வரும் பழமொழியை எல்லாம் பின்பக்கக் கதவருகே மாட்டியிருந்த காலண்டரில் எழுதிவைப்பேன். 'இரண்டு தரம் அள, ஒரு தரம் வெட்டு' என்று இவர்களும் சொல்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு, இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்துவிட்டது.

பிறகு கிரீன் கார்டு வந்தது. எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். இன்று வரை அங்கேதான். நான் படித்தது பத்தாவது. பட்டறையில் என்னிடம் அளவு கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் காலேஜ் படித்தவர்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நித்யாவுக்குத் தமிழ் புரியும். பேசமாட்டாள். கேள்வி தமிழில் போனால் பதில் ஆங்கிலத்தில் வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவளுக்குத் தமிழ் வேண்டும். கடையில், கியூவில், லிஃப்டில், எதிரில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் ரகசியம் சொல்ல. "அப்பா, அந்த அங்கிள் தலையில இருக்கிறது நெஜ முடி இல்ல." இவ்வளவுதான் எங்கள் வீட்டில் தாய்மொழியின் உபயோகம் என்று தனம் தலையில் அடித்துக்கொள்வாள்.

3

எட்டாம் வகுப்பில் சரித்திரப் பாடத்துக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்காக உருவாக்கிய ஏதாவது ஒரு பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதி, அதன் மாதிரியும் செய்துகொண்டு வர வேண்டும். மற்ற பிள்ளைகள் ஜெயித்த சாமான்களாக எடுத்துக்கொண்டார்கள். ரேடார், ஜீப், போர் விமானம். நித்யா நூலகத்தில் தேடித் தேடி ஒரு தோற்ற சாமானை எடுத்துவந்தாள். தோற்றது என்றுகூடச் சொல்ல முடியாது. போட்டிக்கே போகாதது.

வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்தில் செய்த டாங்கி அது. பெயர் டார்ட்டாய்ஸ், அதாவது ஆமை. எழுபத்தெட்டு டன் எடை. ஜெர்மனியின் கான்கிரீட் கோட்டைகளை உடைக்க வேண்டும், எதிரி எதால் அடித்தாலும் தாங்க வேண்டும் என்று ஓட்டின் மேல் ஓடாகக் கனத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். தலையைத் திருப்பும் கோபுரம்கூடக் கிடையாது. உள்ளே ஏழு பேர். செய்து முடிப்பதற்குள் சண்டை முடிந்துவிட்டது. மொத்தம் ஆறுதான் செய்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள், சுட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் குறை சொல்ல முடியவில்லையாம். ஆனால் அதை எந்தப் பாலத்தின் மேல் கொண்டுபோவது, எந்த வண்டியில் ஏற்றுவது? படையில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். ஒன்று இங்கிலாந்தில் மியூசியத்தில் நிற்கிறது.

இவ்வளவையும் நித்யா சாப்பாட்டு மேஜையில் ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு அந்த டாங்கியை உடனே பிடித்துவிட்டது. தனத்துக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, உலகத்துல வேற சாமானே கெடைக்கலியா? போயும் போயும் ஆமையத்தான் வீட்டுக்குள்ள கொண்டாரோணுமா?"

அது இரும்பு ஆமை, அந்தப் பழமொழி அதற்குப் பொருந்தாது என்று சட்டம் பேசினேன். கடைகளில் அதற்கு மாதிரிப் பெட்டி எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். நித்யா புத்தகத்துப் படத்திலிருந்து பதினாறில் ஒரு பங்காக அளவு குறைத்து வரைந்தாள். தகட்டை நான் வெட்டினேன், அவள் மடித்து ரிவெட் அடித்தாள். ஆறு வாரம் கராஜில் கார் நிறுத்த இடமில்லை. அந்த ஆறு வாரம் அவள் என்னிடம் பேசியது, அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். எல்லாம் ஆங்கிலம்தான். இருக்கட்டுமே.

4

இப்போது பீரங்கிக் குழாய்க்கு வருகிறேன். வினை அங்கேதான் இருந்தது.

எனக்கு இருபது வயதில் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் வேலை. பொருட்காட்சிக்கு ஒரு மாதிரி பம்பு செய்யச் சொன்னார் முதலாளி. பார்வைக்குத்தானே என்று நான் தண்ணீர் வரும் குழாயை உள்ளே துளையே இல்லாத கட்டைக் கம்பியிலேயே கடைந்து, வாயில் மட்டும் வட்டமாகக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டேன். தள்ளி நின்று பார்த்தால் ஓட்டை மாதிரியே இருக்கும். பொருட்காட்சியில் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். நேராக அந்த வாயில் விரலை விட்டார். விரல் போகவில்லை. நுனியில் கறுப்பு ஒட்டியது. அதை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு, "ஏந்தம்பி, உங்க பம்புல தண்ணி எந்த வழியா வரும்?" என்று கேட்டார். சுற்றி நின்ற இருபது பேரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து குழாய் என்றால் குழாயாகத்தான் செய்வேன். இந்தக் கதையை லேத் ஓடும்போதெல்லாம் சொல்வேன். நித்யாவுக்கு மனப்பாடம்.

ஆகவே ஆமையின் பீரங்கியையும் முழுக்கத் துளைத்தேன். பட்டறையில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் செய்தேன். ஒரு சாண் நீளக் கம்பி, பென்சில் கனத்துக்குக் கொஞ்சம் குறைவான துளை. அவ்வளவு நீளத்துக்கு ஒரே பக்கமாகப் போனால் துளை வளையும். இந்தப் பக்கம் பாதி, திருப்பிப் பிடித்து அந்தப் பக்கம் பாதி. நடுவில் இரண்டு துளையும் சந்திக்க வேண்டும். சந்தித்தன. கண்ணில் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தது. நித்யாவிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் சரித்திர ஆசிரியரிடம் காட்டுவதற்காக அதை மட்டும் கழற்றிப் பள்ளிக்கு எடுத்துப் போனாள்.

அந்த வருஷம் வசந்த காலத்தில் வேறொரு மாநிலத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே பிள்ளைகளைச் சுட்ட கொடுமை நடந்திருந்தது. நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு இங்கே பல பள்ளிகளில் மூடிய பை கூடாது என்று ஆகிவிட்டது. எங்கள் மகள் பள்ளியிலும் உள்ளே இருப்பது தெரிகிற வலைப்பைதான். என் பீரங்கிக் குழாய் அந்த வலைக்குள் பளபளவென்று போயிற்று. எண்ணெய் போட்டுத் துடைத்தும் கொடுத்திருந்தேன்.

5

பத்து மணிக்குப் பட்டறைக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால் அறைக்குள் துணைத் தலைமை ஆசிரியை, பள்ளிக்கூடத்துப் போலீஸ்காரர், நடுவில் நித்யா. மேஜை மேல் பிளாஸ்டிக் உறைக்குள் என் குழாய். போலீஸ்காரர் மரியாதையானவர். சின்னத் துப்பாக்கித் தோட்டா ஒன்று இந்தத் துளைக்குள் போய்விடும் என்பதை மட்டும் சொன்னார். அது உண்மைதான். நான் அப்படி யோசித்ததே இல்லை.

ஆசிரியை நல்ல மாதிரிதான் கேட்டார். இது ஆயுதம் அல்லவே என்றார். அல்ல என்ற ஒரே வார்த்தையோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்குமா? நினைத்தால் எதையும் ஆயுதம் என்று சொல்லலாம், பொருளில் குற்றமில்லை என்று விளக்க நினைத்து, எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு என்று ஆரம்பித்தேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். திறமையான ஆளுக்குப் புல்லே ஆயுதம்.

அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். உங்கள் மகள் திறமையானவளா என்று கேட்டார்.

எந்தத் தகப்பன் இல்லை என்பான்? ரொம்பத் திறமை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

நித்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் பள்ளிக்கு வரக் கூடாது. அடுத்த வாரம் விசாரணை. அங்கே 'ஆயுதம் கொண்டுவந்தாள்' என்று முடிவானால், அந்த வருஷம் முழுக்க, ஒழுங்கு தவறிய பிள்ளைகளுக்கென்று இருக்கும் தனிப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். அந்தக் காகிதம் அவளோடு ஹைஸ்கூலுக்கும் போகும். விசாரணைக் கடிதத்தை அந்தப் போலீஸ்காரரே எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். தனம் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பழமொழியைச் சொல்லவில்லை. ஆமை வந்தாயிற்று, அமீனாவும் வந்தாயிற்று, இனி சொல்ல என்ன இருக்கிறது?

6

பேர்லேண்டில் நம் ஆட்கள் கூடுகிற கோயிலில் செய்தி பரவிவிட்டது. மீனாட்சி சந்நிதியில் ஆளுக்கொரு யோசனை. ஒரு டாக்டர் வக்கீல் வைக்கச் சொன்னார். ஒருவர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய், பையில் தவறிப் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள் என்றார். கல்யாணத்துக்கு வந்தவனும் பந்தலுக்குக் கால் நட யோசனை சொல்வான் என்று எங்கள் பெரியப்பா சொல்லுவார். எல்லோருக்கும் தலையாட்டினேன். தனம் மட்டும் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அங்க வந்து பழமொழி ஒண்ணுகூட வாயில வரக் கூடாதுங்க. என் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான சத்தியம் அதுதான்.

விசாரணைக்கு முழு ஆமையையும் போர்வையில் சுற்றித் தூக்கிப் போனோம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த தலைவி, இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள். நித்யா எழுந்து கட்டுரையையே சொல்லிவிட்டாள். எழுபத்தெட்டு டன், ஏழு பேர், ஆறு டாங்கி, பாலம் தாங்காத கதை. எந்த மனிதனையும் நோக்கி இது ஒரு தரம்கூடச் சுட்டதில்லை என்று முடித்தாள். வலது பக்கம் இருந்த ஆசிரியர் வயதானவர், பிள்ளைகளுக்கு மர வேலை சொல்லிக்கொடுப்பவராம். உறையிலிருந்து குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பார்த்தார். இரண்டு பக்கமிருந்தும் துளைத்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு கீழே வைத்தார். நாக்கு நுனியில் நாலு பழமொழி வந்து நின்றன. தனம் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

தலைவி ஒரு காகிதத்தை நகர்த்தினார். கெட்ட எண்ணம் இல்லை என்று தெரிகிறது, தனிப் பள்ளி வேண்டாம், இதே பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கலாம், இதில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பேனாவை எடுத்து மகள் கையில் கொடுத்தேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

'ஆயுதத்தின் மாதிரி ஒன்றைத் தெரிந்தே பள்ளிக்குக் கொண்டுவந்தேன், இனிச் செய்யமாட்டேன்' என்று அதில் இருந்தது.

"போடு கண்ணு, வெறும் காகிதம்தானே, போட்டுட்டுப் போயிடலாம்" என்றேன் மெதுவாக.

தலைவியைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல், கடையில் ரகசியம் சொல்கிற அதே குரலில் நித்யா சொன்னாள்: "அப்பா, இதுல பொய் இருக்கு. நான் கொண்டுவந்தது நீங்க செஞ்ச பார்ட். ஆயுதம்னு நெனச்சுக் கொண்டுவரல. இப்ப மட்டும் வாயில கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொல்றீங்களா?"

பொள்ளாச்சி விவசாயி மறுபடியும் என் சட்டையில் விரலைத் துடைத்தார்.

தனத்தைப் பார்த்தேன். அவள் என் காலிலிருந்து தன் காலை எடுத்தாள். தலைவியிடம் சொன்னேன்: என் மகள் கையெழுத்துப் போடமாட்டாள், காகிதத்தில் தப்பாக எழுதியிருக்கிறது. போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். எப்படி எழுத வேண்டும் என்று நித்யாவைக் கேட்டார். சரித்திரப் பாட மாதிரியின் இரும்புப் பாகம், அனுமதி கேட்காமல் கொண்டுவந்தேன், அது தப்பு. இதை மடமடவென்று சொன்னாள். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

அந்த அம்மாள் வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. நாங்கள் மூன்று பேரும் ஆமையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வந்தவர் தானே பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு, நித்யா சொன்னபடி மேலே எழுதினார். ஏற்கெனவே முடிந்த மூன்று நாள் தண்டனை மட்டும் பதிவில் அப்படியே இருக்கும் என்றார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். குழாயின் வாயை நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும். நித்யா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

புராஜெக்டுக்கு என்ன மார்க் என்று கேட்பீர்கள். முதல் மார்க் ரேடாருக்குப் போயிற்று. ஆமை கட்டுரைக்கு நல்ல மார்க், தாமதமாகக் கொடுத்ததற்குக் கொஞ்சம் கழிவு.

7

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நித்யா இப்போது கார் ஓட்டப் பழகுகிறாள். ஃப்ரீவேயில் ஏறும்போது நான் கத்துவது தமிழில், அவள் பதில் ஆங்கிலத்தில். ஆமை புகுந்த வீடு நன்றாகத்தான் இருக்கிறது. நாலு மாதத்துக்கு ஒரு தரம் அதைத் துடைப்பது தனம். வேறு யாரையும் தொடவிடமாட்டாள். அமீனா வேலை பார்த்த அந்தப் போலீஸ்காரர் கடையில் பார்த்தால் நித்யா சௌக்கியமா என்று கேட்கிறார்.

பிளம்பர் சிங்க்கைச் சரி செய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அலமாரிக்கு வந்தார். குழாய்க்காரர் அல்லவா, குனிந்து பீரங்கி வாயைப் பார்த்தார். சுண்டு விரலை வைத்துப் பார்த்தார். பித்தளையில் முட்டியது.

அடைத்திருக்கிறதே என்றார்.

ஆமாம், ஒரு விரற்கடை அளவுக்கு, சட்டப்படி என்றேன்.

அதற்கு அப்புறம் கட்டைக் கம்பிதானே என்று கேட்டார்.

சோபாவில் படித்துக்கொண்டிருந்த நித்யா, புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவருக்குப் பதில் சொன்னாள்: அதற்கு அப்புறம் கடைசி வரைக்கும் ஓட்டைதான்.